டவர் கதிரும் எக்ஸ்-ரே கதிரும் ஒன்றா?

கேள்வி: கூமாப்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. பக்கத்துப் புஞ்சையில் மூன்று வருடத்துக்கு முன்பு செல்போன் டவர் வைத்தார்கள். அதிலிருந்து குரும்பை கொட்டுகிறது, காயும் சிறுத்துவிட்டது. டவரில் இருந்து வருவதும் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே மாதிரி கதிர்வீச்சுதான், புற்றுநோய் வரும் என்று சொல்கிறார்கள். மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். டவருக்குப் பக்கத்தில் அனுப்ப மருமகன் வீட்டில் யோசிக்கிறார்கள். தோப்பை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விடலாமா?
- ஒரு வாசகர், கூமாப்பட்டி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தோப்பை விற்க வேண்டாம். மகள் தாராளமாகத் தாய்வீட்டுக்கு வரலாம். கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் கடிதத்தில் குரும்பை உதிர்வு, புற்றுநோய், பிரசவம் என்று மூன்று கவலைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சிக்க வைத்திருப்பது ‘கதிர்’ என்ற ஒரு சொல். நெல்லுக்கும் கதிர், சூரியனுக்கும் கதிர், எக்ஸ்-ரேக்கும் கதிர், டவருக்கும் கதிர் என்று சொல்லிப் பழகியதில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. 2025-ல் கூமாப்பட்டியின் பெயர் இன்ஸ்டாகிராம் வீடியோக்களால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த வீடியோக்கள் ஊரைவிட்டு வெளியே போனதும் இந்த ரேடியோ அலையில் ஏறித்தான்.

ரேடியோ, டி.வி., செல்போன், வைஃபை, வெயில், எக்ஸ்-ரே, காமா எல்லாமே மின்காந்த அலைகள் என்பது உண்மை. ஒரே குடும்பம், ஒரே வேகம். வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. அலை தன் சக்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சுமந்து வருகிறது. அதிர்வெண் கூடக் கூட ஒவ்வொரு பொட்டலமும் பெரிதாகிறது. செல்போன் அலை இந்த வரிசையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நடுவில். எக்ஸ்-ரேயும் காமாவும் உச்சியில்.

மாந்தோப்பில் காம்போடு தொங்கும் ஒரு காயை எடுத்துக்கொள்ளலாம். கவணில் வைத்து ஒரு கல்லைக் குறிபார்த்து விட்டால் காம்பு அறுந்து காய் விழும். அதே காயை நோக்கி நெல்மணிகளை ஒவ்வொன்றாக எறிந்தால்? ஒரு படி நெல்லை எறிந்தாலும் ஒரு மூட்டையை எறிந்தாலும் காம்பு அறாது. ஏனென்றால் ஒரு மணிக்கும் அந்த வலு இல்லை. எக்ஸ்-ரேயும் காமாவும் கல். செல்போன் அலை நெல்மணி. உடம்பில் உள்ள ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். 2 கிகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு பொட்டலத்தில் இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோபால்ட்-60 என்ற தனிமத்திலிருந்து வரும் காமா கதிரின் ஒரு பொட்டலத்திலோ பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.

எலெக்ட்ரானைப் பிய்த்தெடுப்பதற்குத்தான் அயனியாக்குதல் என்று பெயர். அப்படிச் செய்யும் கதிர் செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளை உடைக்கும். உடைந்ததைச் செல் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்ளும். சில சமயம் செத்துப்போகும். எப்போதாவது தப்பாக ஒட்டிக்கொண்டால் அதிலிருந்து பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் கிளம்பலாம். எக்ஸ்-ரே அறையில் ஈய ஏப்ரன் மாட்டுவது இதனால்தான். ரேடியோ அலைக்கு அந்த வேலை செய்யத் தெரியாது.

அப்படியானால் ரேடியோ அலை ஒன்றுமே செய்யாதா? செய்யும், சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவது செல்போன் அலைக்குப் பக்கத்து வீட்டு அலையால்தான். ஆனால் அங்கே 700, 800 வாட் சக்தியை ஒரு இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்து அடிக்கிறார்கள். ஆகவே ரேடியோ அலையைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ என்பது. அந்த ‘எவ்வளவு’க்கு இந்தியாவில் வரம்பு இருக்கிறது. 2012 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 900 மெகாஹெர்ட்ஸ் டவரிலிருந்து பொதுமக்கள் மேல் படும் அளவு சதுர மீட்டருக்கு 0.45 வாட்டைத் தாண்டக் கூடாது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9 வாட். சர்வதேசக் குழு சொல்லும் வரம்பில் இது பத்தில் ஒரு பங்கு.

தோப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆன்டெனா 40 வாட் சக்தியை, டார்ச் விளக்கு போல ஒரு பக்கமாகக் குவித்து, ஐம்பது மடங்கு கூர்மையாக்கி அனுப்புவதாக வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தூரத்தில் அதற்கு நேர் எதிரே நிற்கும் தென்னையின் கொண்டையில் படுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.016 வாட். ஒரே கம்பத்தில் நாலைந்து ஆன்டெனா இருந்தால் நாலைந்தால் பெருக்கிக்கொள்ளலாம். அப்போதும் வரம்பைத் தொடவில்லை. உச்சிவெயிலில் அதே கொண்டை வாங்குவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். டவருக்கு நேர் கீழே அளவு அதிகம் என்ற எண்ணமும் தவறு. டார்ச் அடிப்பவரின் காலடியில் வெளிச்சம் விழுவதில்லை.

கணக்கில் நம்பிக்கை வராதவர்கள் அளந்தே பார்க்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017 மே மாதம் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. எந்த டவர் விதிப்படி இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டணம் கட்டினால் வீட்டருகே வந்து அளந்து கொடுப்பார்கள் என்பது அப்போதைய ஏற்பாடு. தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கட்டினால் பெரிய தொகை இல்லை. டவரால் நிஜமாகவே தொல்லை உண்டென்றால் அது டீசல் ஜெனரேட்டரின் சத்தமும் புகையும். அதைப் பற்றி ஊராட்சியில் எழுத்தாகப் புகார் கொடுப்பதில் தவறே இல்லை.

டவரைவிட அதிக ரேடியோ அலை உடம்பில் படுவது காதோடு ஒட்டிய செல்போனில் இருந்துதான். மலையடிவார ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும். சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் எட்டாத டவரை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு கத்தும். டவர் பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசும். ஆகவே பிளவக்கல் அணைப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் அரை மணி நேரம் பேசுகிறவரின் தலையில் படுவது, டவருக்குப் பக்கத்துத் தோப்பில் நின்று பேசுகிறவரின் தலையில் படுவதைவிட அதிகமாகவே இருக்கும். டவர் வந்ததால் அந்த வீட்டார் வாங்கும் அளவு குறைந்தும் இருக்கலாம். போனுக்கும் வரம்பு உண்டு: ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 வாட், ஒரு கிராம் தசையில் சராசரியாக. போனில் *#07# என்று அழுத்தினால் அந்த போனின் அளவு திரையில் வரும். நெடுநேரம் பேசுபவர்கள் ஸ்பீக்கரில் போட்டோ, ஒயர் மாட்டியோ பேசினால் பாதிக் கவலை தீர்ந்தது.

புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதற்கும் விடை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை ‘2பி’ என்ற பட்டியலில் சேர்த்தது. ‘இருக்கலாமோ என்று ஐயம், சான்று போதவில்லை’ என்பது அந்தப் பட்டியலுக்கு அர்த்தம். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், உடம்பு முழுக்கத் தினமும் 9 மணி நேரம் பலமான அலையை இரண்டு ஆண்டு செலுத்தியபோது ஆண் எலிகள் சிலவற்றுக்கு இதயத்தில் கட்டி வந்தது. இதையும் மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த மதிப்பாய்வு 2024 செப்டம்பரில் வெளியானது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றே அது முடித்திருக்கிறது.

அந்த முகமையின் மற்றப் பட்டியல்களை விவசாயக் குடும்பங்கள் ஒருமுறையாவது கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. ‘உறுதியாகப் புற்றுநோய் தரும்’ என்ற முதல் பட்டியலில் எக்ஸ்-ரேயும் காமாவும் இருக்கின்றன. புகையிலை இருக்கிறது, பாக்கு இருக்கிறது, வெயில் இருக்கிறது. ‘தருவதற்கு வாய்ப்பு அதிகம்’ என்ற அடுத்த பட்டியலில் 2015-ல் மாலத்தியான் சேர்க்கப்பட்டது. டவரை நினைத்துத் தூக்கம் கெட்டவர், வாயில் வெற்றிலை பாக்கோடு, முகத்தில் துணிகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடிப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

கல்லெறியும் கதிர், அதாவது அயனியாக்கும் கதிர், நம் வாழ்க்கையில் எங்கே வருகிறது? மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் எல்லோருக்கும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் இயற்கையிலேயே அளவு கூடுதல். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அங்கே புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று தெரியவந்தது. நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்று எடுத்தால் அதிகம் போனால் 0.1 மில்லிசீவெர்ட். சும்மா இருந்தாலே இரண்டு வாரத்தில் வாங்கும் அளவு அது. வயிற்று சி.டி. ஸ்கேன் அப்படியில்லை. எட்டிலிருந்து பத்து மில்லிசீவெர்ட் வரை போகும், அதாவது மூன்று நான்கு ஆண்டு அளவு ஒரே நாளில். டாக்டர் வேண்டும் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிட ஆபத்து. ‘எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க’ என்று நாமாகக் கேட்பதும், பழைய படத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி எடுப்பதும்தான் கூடாது. படங்களை வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும்.

மாம்பழ விவசாயிகளுக்கு ஒரு சேதி. அமெரிக்காவுக்குப் போகும் இந்திய மாம்பழத்தில் பூச்சி போகாமல் இருக்க, குறைந்தது 400 கிரே அளவு கதிர் பாய்ச்சி அனுப்புகிறார்கள். 2007-ல் இருந்து மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் இது நடக்கிறது. பழம் கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை. கல்லடி பட்ட காய் இன்னொரு காயைக் கல்லால் அடிக்காது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட டி.ஏ.ஜி.-24 நிலக்கடலை ரகமும் இதே கதிரைக் கொண்டு விதையில் மாற்றம் செய்து கிடைத்த வழியில் வந்ததுதான்.

இதே கதிர் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த காமா கருவி ஒன்றைப் பிப்ரவரியில் ஏலத்தில் விட்டார்கள். அது பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. என்னவென்று தெரியாமல் பிரித்தார்கள், வெட்டினார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டிருந்தார். தோல் கறுத்து, முடி கொட்டி, ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒருவர் இறந்தார், மேலும் ஏழு பேர் பாதிக்கப்பட்டார்கள். கோபால்ட்-60-ன் வீரியம் சுமார் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 25 ஆண்டு சும்மா கிடந்து வீரியம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகு நடந்தது இது. மஞ்சள் தகட்டில் நடுவே ஒரு புள்ளியும் சுற்றிலும் விசிறி இறக்கை போல மூன்று இதழும் வரைந்த பொருள் பழைய இரும்பில் வந்தால், எடைக்குப் போடக் கூடாது, தொடக் கூடாது. தூர விலகி நின்று போலீஸுக்குச் சொல்ல வேண்டும். செல்போன் டவரில் அப்படிப்பட்ட பொருள் எதுவும் இல்லை. கரண்டை நிறுத்தினால் அலை அந்த நொடியே நின்றுவிடும்.

இனி தென்னை. டவர் வந்து மூன்று ஆண்டு, குரும்பை உதிர்வும் அதிலிருந்து என்கிறார் வாசகர். தென்னையில் ஒரு பாளை கண்ணுக்குத் தெரியாத மொட்டாக உருவாகி, வெளியே வந்து, காய் முற்றிக் கைக்கு வர ஏறத்தாழ 44 மாதம் ஆகிறது. இன்று பறிக்கும் காயின் கதை மூன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு மழை எப்படி, கிணறு எந்த மாதம் வற்றியது, உரம் வைத்தார்களா என்பதைத்தான் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். வறட்சியில் வாடிய மரம், மழை வந்து மட்டை பச்சையான பிறகும் குரும்பையைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் நாம் வறட்சியை மறந்திருப்போம். டவர் மட்டும் கண்ணெதிரே நிற்கும்.

‘காய் சிறுத்துவிட்டது’ என்ற வரிதான் முக்கியமான தடயம். இளங்காயின் தொட்டியை நீக்கிப் பார்த்தால், அடியிலிருந்து முக்கோணமாக வெளுத்து, பிறகு பழுப்பாகி வெடித்த தழும்பு இருந்தால் அது ஈரியோபைட் சிலந்தியின் வேலை. ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைத்து, 1 சதவீத அசாடிராக்டின் 10 மில்லியை 10 மில்லி தண்ணீரில் கலந்து வேரில் கட்டலாம். கட்டும் முன் முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும். மட்டையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டையும், கீழ் மட்டையில் கரி பூசியது போலக் கரும்பூஞ்சாணமும் இருந்தால் ரூகோஸ் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி அது. அதற்கு ரசாயன மருந்து அடித்தால் அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் சாகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளித்தால் போதும்.

இரண்டும் இல்லை என்றால் சத்துக் குறைவு. ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், இதை இரண்டாகப் பிரித்து, தூரிலிருந்து ஆறடி வட்டத்தில் மண் ஈரமாக இருக்கும்போது வைக்க வேண்டும். பொட்டாஷ் விலையைப் பார்த்து அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் பலர். காய் சிறுப்பதற்கு அதுவும் காரணம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை மரத்துக்கு 200 மில்லி வீதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேரில் கட்டுவது குரும்பை நிற்க உதவும். டவருக்குப் பக்கத்து வரிசையிலும் கடைசி வரிசையிலும் ஐந்தைந்து மரத்துக்கு அடையாளம் போட்டு, உதிரும் குரும்பையை மூன்று மாதம் எண்ணி நோட்டில் எழுதிப் பார்ப்பதும் நல்ல யோசனை. டவர்தான் காரணமா என்ற சந்தேகத்தைத் தோப்பே தீர்த்துவைக்கும்.

சிட்டுக்குருவியைப் பற்றி வாசகர் கேட்கவில்லை என்றாலும், 2018-ல் வந்த ‘2.0’ படத்துக்குப் பிறகு டவர் என்றாலே குருவி நினைவுக்கு வருகிறது. 2020-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, பெரிய நகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்றது. ஓட்டு வீடு போய், களம் போய், புழு பூச்சி போனால் குருவிக்கு வீடும் இல்லை, சோறும் இல்லை.

டவர் பயம் ஒரு பக்கம் என்றால் டவர் ஆசை இன்னொரு பக்கம். ‘உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாத வாடகை, முன்பணம் லட்சக்கணக்கில், அதற்குப் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் அது மோசடி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இடம் பிடிப்பதும் இல்லை, தடையில்லாச் சான்று கொடுப்பதும் இல்லை. பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக மகள். டவரைக் காரணம் சொல்லித் தலைப்பிரசவத்தை நிறுத்த வேண்டியதில்லை. மருமகன் வீட்டாரிடம் இந்தப் பக்கத்தையே காட்டலாம். பிரசவத்துக்கு எடுக்கும் வயிற்று ஸ்கேன் ஒலி அலையால் எடுப்பது, அதில் கதிரே கிடையாது. பல் வலி, கை முறிவு என்று எக்ஸ்-ரே அறைக்குப் போகும்போது மட்டும் கர்ப்பமாக இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். மகள் வருவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. உள்ளறையில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில், மிச்சம் மீதி பூச்சிமருந்து டப்பாக்களும் ஸ்பிரேயரும் இருந்தால் அவற்றைப் பம்புசெட் அறைக்கு மாற்றிப் பூட்டுப் போட வேண்டும். தோப்பிலோ பக்கத்து வயலிலோ மருந்து அடிக்கும் நாளில் அவரை அந்தப் பக்கம் விடக் கூடாது. மருந்தடித்த சட்டையை அவர் கையில் துவைக்கக் கொடுக்கவும் கூடாது.